யாம்புக்கு - பேர் தப்பிய ஊர்

போன மாசம் எங்க ப்ராஜெக்ட்ல ஒரு பெரிய பக். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சு. தேடிப் பாத்தா, டீம்ல புதுசா சேந்த ஒரு பையன் கான்ஃபிக் ஃபைல்ல மாத்தின ஒரே ஒரு வரி. விடியறதுக்குள்ள சரி பண்ணிட்டோம். ஆனா அந்த பக்குக்கு அவன் பேரே நிலைச்சுடுச்சு. இப்போ அந்த மாதிரி எது உடைஞ்சாலும், "மறுபடியும் அவன் பக்கா?"னுதான் கேக்கறாங்க. முதல்ல அப்படிக் கூப்பிட்டது யாருன்னு கேட்டீங்கன்னா, அடியேன்தான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அந்த வரியைப் பாத்து ஓகே சொன்ன ரெண்டு பேர்ல நானும் ஒருத்தன்கிறது அன்னிக்கு யாருக்கும் ஞாபகம் வரலை. எனக்கும்தான்.

அந்த வாரக் கடைசியில் தற்செயலா ஒரு ஊரைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் தூக்கம் போச்சு. அந்த ஊர்தான் இந்தப் பதிவு.

ஊர் பேர் யாம்புக்கு. கேள்விப்பட்டிருக்கீங்களா? பெரும்பாலும் இருக்காது. நீங்க கேள்விப்படக் கூடாதுன்னுதான் ஒரு ராத்திரி சில பேர் உக்காந்து முடிவு பண்ணாங்க. நல்ல எண்ணத்தோடதான்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

காங்கோ ஜனநாயகக் குடியரசோட வடக்குப் பகுதி. பூமத்திய ரேகைக்கு மேலே மூணு டிகிரி கூட இல்லை. காங்கோ ஆத்தங்கரையில் பும்பான்னு ஒரு துறைமுக ஊர் இருக்கு. அங்கேர்ந்து செம்மண் சாலையில் வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனா யாம்புக்கு. ரெண்டு பக்கமும் மழைக்காடு. காட்டை வெட்டி, எரிச்சு, அந்தச் சாம்பல் மண்ணுல பயிர் வெக்கிற விவசாயம். மரவள்ளி, வாழை, சோளம், நிலக்கடலை. பும்பா வட்டாரம் நெல்லுக்கும் பேர் போனது. கூடவே காப்பி, எண்ணெய்ப்பனை. விளைஞ்சதை விக்கணும்னா பும்பாவுக்குக் கொண்டு வந்து படகுல ஏத்தணும். ஆறுதான் அவங்களுக்கு நெடுஞ்சாலை. பயிர்ப் பட்டியலைப் பாத்தா நம்ம பக்கத்து ஊர் மாதிரியே இருக்குல்ல?

இந்தப் பகுதி பழைய நிர்வாகப் பிரிவுல ஈக்வடோர் மாகாணம், அதாவது பூமத்திய ரேகை மாகாணம். 2015ல மாகாணங்களைப் பிரிச்சப்போ மொங்கலா மாகாணத்துக்குள்ள வந்துடுச்சு. பும்பா வட்டாரத்துல பெரும்பான்மையா இருக்கிறவங்க புட்ஜா மக்கள். இவங்களோட கதையைச் சொல்லாம யாம்புக்கு கதையைச் சொல்ல முடியாது.

ரப்பரும் ஆண்ட்வெர்ப்பும்

1885லேர்ந்து 1908 வரைக்கும் காங்கோ ஒரு நாட்டோட காலனி கூட இல்லை. பெல்ஜியம் ராஜா இரண்டாம் லியோபோல்டோட சொந்த சொத்து! இந்தியாவுல கிட்டத்தட்ட முக்கால்வாசி நிலப்பரப்பு, ஒரே ஒரு ஆள் பேர்ல பட்டா. 1888ல டன்லப் காத்தடைச்ச டயரைக் கொண்டு வந்த பிறகு ரப்பருக்கு உலகம் முழுக்க ஏகக் கிராக்கி. காங்கோ காட்டுல ரப்பர் தோட்டம் போட வேண்டிய வேலையே இல்லை. மரத்து மேல படர்ற காட்டுக் கொடியிலேயே பால் இருந்தது. அதை எடுக்கத்தான் ஆள் வேணும்.

மொங்கலா ஆத்துப் படுகையை ராஜா ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். அந்தக் கம்பெனி பேர் ஆன்வெர்சுவாஸ். ஆண்ட்வெர்ப் நகரத்துக் கம்பெனின்னு அர்த்தம். ஊருக்கு இத்தனை ரப்பர்னு கணக்கு. கொண்டு வரலைன்னா பொண்டாட்டி பிள்ளைங்களைப் பிடிச்சு அடைச்சு வெப்பாங்க. சவுக்கடி, துப்பாக்கி, வெட்டின கை. லியோபோல்ட் கால காங்கோவைப் பத்தி எதைப் படிச்சாலும் இதெல்லாம் வரும். புட்ஜா மக்கள் அடங்கிப் போகலை. 1900-ஐ ஒட்டிய வருஷங்கள்ல கம்பெனியை எதிர்த்து திரும்பத் திரும்பக் கிளர்ச்சி பண்ணாங்க. ஒவ்வொரு தடவையும் ராணுவம் வந்து ஊரைக் கொளுத்திச்சு.

எடுத்த ரப்பர் எல்லாம் கப்பலேறி ஆண்ட்வெர்ப் துறைமுகத்துல போய் இறங்கும். இந்த நகரத்தோட பேரை மனசுல வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

1908ல பெல்ஜியம் அரசு காங்கோவை எடுத்துக்கிச்சு. 1911ல சோப்பு வியாபாரி வில்லியம் லீவர் வந்தார். ஆமாங்க, நம்ம வீட்டு சோப்புல இருந்த அதே லீவர்தான். சோப்புக்குப் பாமாயில் வேணுமே. பும்பா பக்கத்துலயும் அவருக்குப் பெரிய பனை நிலம் கிடைச்சது. 1935ல பெல்ஜியம் பாதிரியார்கள் யாம்புக்குல ஒரு மிஷன் ஆரம்பிச்சாங்க. சர்ச், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. 1960ல சுதந்திரம், 1965ல மொபுட்டு ஆட்சி, 1971ல நாட்டுக்கு ஜயர்னு புதுப் பேர். 1974ல முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதின குத்துச்சண்டை நடந்தது இதே நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவுலதான். உலகமே டிவில பாத்தது. யாம்புக்குல அப்பவும் சாலை கூட சரியா இல்லை.

அஞ்சு ஊசி

1976ல யாம்புக்கு ஆஸ்பத்திரில 120 படுக்கை. ஊழியர்கள் 17 பேர், அதுல மூணு பேர் பெல்ஜியம் கன்னியாஸ்திரிகள். டாக்டர் கிடையாது. ஆனா மருந்து இருக்கும். அதனால சுத்துப்பட்டு ஊர்லேர்ந்தெல்லாம் நடந்தே வருவாங்க. மாசம் 6,000 பேருக்குக் குறையாம.

தினமும் காலைல நர்ஸுங்களுக்கு அஞ்சு சிரிஞ்சும் ஊசியும் குடுப்பாங்க. வெளிநோயாளி, உள்நோயாளி, கர்ப்பிணிகள் கிளினிக் எல்லாத்துக்கும் சேத்து அஞ்சே அஞ்சு. ஒருத்தருக்குப் போட்டுட்டு வெதுவெதுப்பான தண்ணில அலசிட்டு அடுத்தவருக்கு. சாயங்காலம் சில நாள் கொதிக்க வெப்பாங்க, சில நாள் அதுவும் இல்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அவங்க சின்ன வயசுல ஊர்ல ஒரு கம்பவுண்டர், கண்ணாடி சிரிஞ்சை ஒரு டப்பாவுல போட்டுக் கொதிக்க வெச்சு வெச்சுத்தான் ஊசி போடுவாராம். ஊசி போடலைன்னா அவர் நல்ல வைத்தியரே இல்லைம்பாங்களாம் ஊர்ல. யாம்புக்குலயும் அதே நம்பிக்கைதான். மாத்திரையை விட ஊசிக்குத்தான் மரியாதை. கர்ப்பிணிப் பெண்கள் செக்கப்புக்கு வந்தாக்கூட ஒரு சத்து ஊசி.

மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருத்தர், வயசு 44. ஆகஸ்ட் மாசம் மிஷன் வண்டில வடக்குப் பக்கம் ஒரு சுற்றுப்பயணம் போயிட்டு, வர்ற வழில மான் கறியும் குரங்குக் கறியும் வாங்கிட்டு வந்தார். ஆகஸ்ட் 26 அன்னிக்குக் காய்ச்சல். மலேரியாவா இருக்கும்னு குளோரோகுயின் ஊசி போட்டாங்க. காய்ச்சல் விட்டுச்சு. செப்டம்பர் 1ல திரும்ப வந்தது. செப்டம்பர் 8ல இறந்துட்டார். முதல் நோயாளின்னு பதிவானவர் இவர்தான். நோய் இவருக்குக் காட்டுலேர்ந்து வந்ததா, அந்த ஊசிலேர்ந்தே வந்ததாங்கிறதுக்கு இன்னிக்கு வரைக்கும் உறுதியான விடை கிடையாது.

அதுக்கப்புறம் நடந்ததை ஒரு எஞ்சினியரா யோசிச்சுப் பாத்தேன். மாசம் 6,000 பேர்னா ஒரு நாளைக்கு சுமார் 200 பேர். அதுல பாதிப் பேருக்குத்தான் ஊசின்னு வெச்சுக்கிட்டாக்கூட, ஒவ்வொரு ஊசியும் ஒரு நாளைக்கு 20 உடம்புக்குள்ள போயிட்டு வருது. ஒரு வைரஸைப் பரப்பறதுக்கு இதை விட நல்ல சிஸ்டத்தை என்னால டிசைன் பண்ண முடியாது. அதை டிசைன் பண்ணவங்க யாரும் கெட்டவங்க இல்லைங்கிறதுதான் கொடுமை. இருந்த பணத்துல எத்தனை பேருக்கு மருந்து குடுக்க முடியுமோ குடுத்தாங்க. நோய் அதிகமாத் தாக்கினது 15லேர்ந்து 29 வயசுக்குள்ள இருந்த பெண்களை. செக்கப்புக்கு வந்தவங்க.

கடைசிக் கணக்கு: 318 பேருக்கு நோய், 280 பேர் மரணம். தொற்று எப்படி வந்ததுன்னு தெரிஞ்சவங்கள்ல 85 பேருக்கு அந்த ஆஸ்பத்திரி ஊசி. ஊசி வழியா நோய் வந்தவங்கள்ல ஒருத்தர் கூடப் பிழைக்கலை.

நீல ஃபிளாஸ்க்

செப்டம்பர் பிற்பகுதில கின்ஷாசாவுலேர்ந்து முயெம்பேங்கிற காங்கோ டாக்டர் யாம்புக்குக்கு வந்தார். ஜான்-ஜாக் முயெம்பே. வைரஸ் படிப்பு படிச்சவர். கையுறை இல்லாம வெறுங்கையாலேயே ரத்தம் எடுத்தார். ஊசி குத்தின இடத்துலேர்ந்து ரத்தம் நிக்கவே இல்லை. கையை சோப்பு போட்டுக் கழுவிக்கிட்டார். உயிர் பிழைச்சது அவரோட அதிர்ஷ்டம், நம்மளோட அதிர்ஷ்டமும் கூட. உடம்பு சரியில்லாத ஒரு கன்னியாஸ்திரியைக் கின்ஷாசாவுக்குக் கூட்டிட்டுப் போனார்.

கன்னியாஸ்திரியோட ரத்தம் ரெண்டு கண்ணாடிக் குப்பில, ஒரு நீல ஃபிளாஸ்க்ல, ஐஸோட, சாதாரணப் பயணி விமானத்துல கைப்பையா ஐரோப்பா போச்சு. எந்த ஊருக்கு? ஆண்ட்வெர்ப். அங்க இருந்த வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்துக்கு. செப்டம்பர் 29ல திறந்து பாத்தப்போ ஐஸ் உருகியிருந்தது, ஒரு குப்பி உடைஞ்சிருந்தது. திறந்தவங்கள்ல ஒருத்தர் பீட்டர் பியோட், அப்போ அவருக்கு வயசு 27, கிட்டத்தட்ட என் வயசு. எழுபது எண்பது வருஷம் முன்னாடி இந்தக் காட்டு ரப்பர் போய் இறங்கின அதே நகரம். ரப்பருக்குப் பதிலா இந்தத் தடவை ரத்தம். யாரும் திட்டம் போட்டு நடந்தது இல்லை, காலனிக் காலத்து வழித்தடம் அப்படியே இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவுல இருந்த நோய்க் கட்டுப்பாட்டு மையம்தான் இது இதுவரைக்கும் தெரியாத வைரஸ்னு உறுதி பண்ணது. கின்ஷாசாவுக்கு வந்த கன்னியாஸ்திரி இறந்துட்டாங்க. அவங்களைப் பாத்துக்கிட்ட நர்ஸ் மயிங்காவும் இறந்துட்டாங்க. உலகத்து ஆய்வுக்கூடங்கள்ல இந்த வைரஸோட மூலவகைக்கு இன்னிக்கும் 'மயிங்கா'ன்னுதான் பேர். நோயாளியைக் கவனிச்சுக்கிட்ட ஒரு பெண்ணோட பேர், கவனிச்சதாலேயே அவங்களைக் கொன்ன கிருமிக்கு.

யார் நிறுத்தினாங்க?

நான் சினிமா பாத்து வளந்தவன். விஞ்ஞானிங்க விண்வெளி உடை மாதிரி மாட்டிட்டு ஹெலிகாப்டர்ல இறங்கி ஊரைக் காப்பாத்தினாங்கன்னுதான் நினைச்சிருந்தேன். அது அப்படி இல்லை.

செப்டம்பர் கடைசில 17 ஊழியர்கள்ல 11 பேர் இறந்த நிலைமைல ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. மூடினதுமே ஊசி நின்னுடுச்சு. மிஷன்ல உயிரோட இருந்தவங்க வாசல்ல கயிறு கட்டி, தாண்டினா சாவுன்னு லிங்காலா மொழில எழுதித் தொங்க விட்டுட்டு உள்ளேயே இருந்தாங்க. அரசாங்கம் பும்பா வட்டாரத்தையே தனிமைப்படுத்துச்சு. ஆத்துல படகு நின்னா அந்த விவசாயிங்களுக்குச் சந்தையே இல்லைன்னு அர்த்தம்.

இதுல என்னை அசத்தினது கிராமத்துப் பெரியவங்க. அவங்களுக்குப் பெரியம்மை ஞாபகம் இருந்தது. பெரியம்மை வந்தா பெரியவங்க காலத்துல என்ன பண்ணாங்களோ அதையே பண்ணாங்க. நோயாளிக்கு ஊருக்கு வெளியே தனிக் குடிசை, தூரத்துலேர்ந்து சாப்பாடு. ஊர் எல்லைல தடுப்பு, வெளியூர்க்காரங்க உள்ள வரக் கூடாது. அக்டோபர் பிற்பகுதில சர்வதேசக் குழு யாம்புக்குக்கு வந்து சேந்தப்போ நோய் ஏற்கெனவே இறங்குமுகம். நவம்பர் தொடக்கத்தோட முடிஞ்சே போச்சு. ஆய்வுக் குழு போய்ப் பாத்த சுமார் 550 கிராமங்கள்ல 55ல மட்டும்தான் நோய் நுழைஞ்சிருந்தது.

அந்தக் குழு சும்மா வந்துட்டுப் போகலை, அதையும் சொல்லணும். ஊர் ஊரா ஜீப்புல போய், யாருக்கு எப்போ எப்படி வந்ததுன்னு கேட்டு எழுதி, ஊசிதான் காரணம்னு கண்டுபிடிச்சவங்க அவங்கதான். நம்ம பாஷைல சொன்னா அருமையான ரூட் காஸ் அனாலிசிஸ். ஆனா பரவலை நிறுத்தினதுல பெரும்பங்கு மூடின ஆஸ்பத்திரிக்கும் ஊர்ப் பெரியவங்களுக்கும்தான்.

பேர் வெச்ச ராத்திரி

இப்போ பேர் விஷயத்துக்கு வர்றேன். புது வைரஸுக்கு என்ன பேர் வெக்கறதுன்னு கின்ஷாசாவுல ஒரு ராத்திரி பேசினாங்க. குழுவுக்குத் தலைவர் அமெரிக்காவைச் சேர்ந்த கார்ல் ஜான்சன். வழக்கப்படி பாத்தா யாம்புக்கு வைரஸ்னுதான் வெக்கணும். அந்த யோசனையும் வந்தது. ஆனா அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 1969ல, நைஜீரியாவுல லாசாங்கிற ஊர்ல கண்டுபிடிச்ச காய்ச்சலுக்கு அந்த ஊர் பேரையே வெச்சு, ஊரே களங்கப்பட்டுப் போன கதை அவங்களுக்குத் தெரியும். இந்த ஊருக்கு அந்தப் பாவத்தைப் பண்ண வேண்டாம், பக்கத்துல ஏதாவது ஆறு இருக்கான்னு பாருங்கன்னு மேப்பைப் பாத்தாங்க. சின்ன மேப். அதுல பக்கத்துல தெரிஞ்ச ஆறு, எபோலா.

ஆமா, அந்த எபோலாதான்.

நிஜத்துல அந்த ஆறு யாம்புக்குலேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி ஓடுது. அதை விடப் பக்கத்துல வேற ஆறுகள் இருக்கு. 'எபோலா'ங்கிறதே உள்ளூர் ங்பாண்டி மொழில 'லெக்பாலா'ன்னு இருந்தது பிரெஞ்சு வாயில மாறினதுதான். அதே 1976ல, சில மாசம் முன்னாடியே சூடான் பக்கம் ன்சாராவுல இதே மாதிரி நோய் வந்திருந்தது. ரெண்டும் ஒண்ணுன்னு முதல்ல நினைச்சாங்க. பிறகுதான் வேற வேற இனம்னு தெரிஞ்சது. யாம்புக்கு இனத்துக்கு நாட்டோட பேரை வெச்சு ஜயர் வகைன்னாங்க. 1997ல ஜயர்ங்கிற நாட்டுப் பேரே போயிடுச்சு, வைரஸ் பேர்ல மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

பேர் வெக்கறது விளையாட்டு இல்லைன்னு நமக்கும் 2021ல புரிஞ்சது. 'இந்திய வகை கொரோனா'ன்னு உலகம் முழுக்க எழுதினப்போ நமக்கு எப்படி எரிஞ்சது? அந்த மே மாசக் கடைசில உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துக்களை வெச்சு 'டெல்டா'ன்னு மாத்திச்சு. நோய்க்கு ஊர் பேர் வெக்காதீங்கன்னு 2015லயே அவங்க வழிமுறை வெளியிட்டிருந்தாங்க. யாம்புக்கு விஷயத்துல அந்த நாகரிகம் 1976லயே இருந்தது. அதுக்கு ஒரு கும்பிடு. பேர் வெக்கலைன்னாலும் பழி வந்து சேரும்கிறதுக்கும் உதாரணம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவுல 2013 டிசம்பர்ல தொடங்கி 11,000 பேருக்கு மேல செத்துப் போன எபோலா, கினி நாட்டு மெலியாண்டூங்கிற சின்ன கிராமத்துலேர்ந்து ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த ஊர்க்காரங்களை அக்கம்பக்கத்துல ஒதுக்கி வெச்சாங்க.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல். பழியிலேர்ந்து தப்பின ஊர், பெருமையிலேர்ந்தும் சேந்தே தப்பிடுச்சு. யாம்புக்கு உலகத்துக்குக் குடுத்தது கொஞ்ச நஞ்சம் இல்லை. 1976ல அந்தப் பகுதில எடுத்து வெச்ச 659 பேரோட ரத்தத்தைப் பத்து வருஷம் கழிச்சு எய்ட்ஸ் கிருமிக்காகச் சோதிச்சாங்க. 0.8 சதவீதம் பேருக்கு இருந்தது. 1986ல அதே பகுதில மறுபடி எடுத்தப்பவும் அதே 0.8. எய்ட்ஸ்னு ஒரு நோய் இருக்குன்னு உலகத்துக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அந்தக் கிருமி அங்க இருந்திருக்கு, கிராம வாழ்க்கைல அது பெருகலைங்கிறது இந்த விவசாயிங்க ரத்தத்துலேர்ந்துதான் தெரிஞ்சது. வெறுங்கையால ரத்தம் எடுத்த முயெம்பே ஓய்ஞ்சு உக்காரலை. 1995ல கிக்விட் நகரத்துல மறுபடி எபோலா வந்தப்போ அங்கேயும் நின்னார். அதுல பிழைச்ச ஒருத்தரோட ரத்தத்துலேர்ந்து உருவான மருந்துக்கு 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தடுப்பூசிக்கும் கிடைச்சாச்சு. எபோலா ஒழிஞ்சுடலை, 2025ல கூட காங்கோவோட கசாய் மாகாணத்துல வந்தது. ஆனா வெறும் அஞ்சு ஊசியோட நின்ன காலம் இல்லை இது.

எபோலான்னா ஹாலிவுட் படம் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பெரியம்மை நினைவை வெச்சே அதை மறிச்ச ஊர்ப் பெரியவங்களோட ஊர் பேர் யாருக்கும் தெரியாது. ஒரு ஊரோட பேரை நோய்க்கு வெக்காம இருக்கறது சரி. அதுக்காக அந்த ஊரையே மறந்துடணுமா?

திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் அந்தப் பையனைக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் சாரி சொன்னேன். "அட விடுங்க பாஸ், காமெடிக்குத்தானே"ன்னான். டீ ஆறிப் போற வரைக்கும் கப்பையே பாத்துட்டு இருந்தான். காமெடியா எடுத்துக்கலைன்னு அப்போதான் புரிஞ்சது. அந்த பக்கோட டிக்கெட்ல அவன் பேரை எடுத்துட்டு நம்பர் போட்டேன். காரணம்னு இருந்த இடத்துல, ரிவ்யூ பண்ணவங்க கவனிக்கலைன்னு என் பேரோட ஒரு வரி சேத்தேன். அவன் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்து எங்களோட சேந்து சரி பண்ணதையும் எழுதினேன். முன்னாடி அதை யாரும் எழுதியிருக்கலை.